கொத்தமல்லி விதை அளவு முகம்

எங்கள் பள்ளி ஆய்வகத்தின் மர ஸ்டாண்டில் சோதனைக்குழாய்களை நான் பார்த்த நாட்கள் குறைவு. பாடம் நடக்காத நேரங்களில் அதன் துளைகளில் தக்கைகள் செருகியிருக்கும். ஒவ்வொரு தக்கையின் மேலும் ஒரு குண்டூசி, அந்த ஊசியின் முனையில் சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மனிதர் கால் ஊன்றி நிற்பார். குன்றாண்டார்கோவில் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரம், முகம் கழுவ மறைவான ஓர் இடம் தேடி அந்த அறைக்குள் நுழைந்தபோது அந்த வெள்ளை மனிதர்கள்தான் முதலில் கண்ணில் பட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், உயிரியல் வகுப்புக்கான உருப்பெருக்கிக் கண்ணாடியின் மேல் குனிந்தபடி எங்கள் பள்ளியின் லேப் அசிஸ்டென்ட் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் முதல் தலைமையாசிரியர் வரை எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. என் கையிலிருந்த துண்டையும் சின்னப் பையையும் பார்த்தார். "சிங்க் அங்கிட்டு இருக்கு டீச்சர். கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்கு, போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். பையில் என்ன இருக்கிறது என்று அவர் அன்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

பையில் இருந்தது முகப்பூச்சு. என் உதட்டைச் சுற்றியும் வலது கண்ணின் ஓரத்திலும் வெண்புள்ளிகள் உண்டு. கல்லூரி கடைசி வருடத்தில் கடுகளவாகத் தொடங்கி, வேலைக்குப் பரீட்சை எழுதிய காலத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்துவிட்டது. வலி கிடையாது, யாருக்கும் ஒட்டாது, தோலின் நிறம் போய்விடுகிறது, அவ்வளவுதான் என்று என் அம்மாவுக்கு டாக்டர் மூன்று முறை விளக்கினார். அம்மா மூன்று முறையும் தலையாட்டிவிட்டு, வரும் வழியில் திருச்சிக் கடைவீதியில் இறங்கி, தோலின் நிறத்தில் கெட்டியான பூச்சு ஒன்றை வாங்கிக்கொடுத்தாள். கீரமங்கலத்தில் எங்கள் தெருவில் அந்த நோய்க்கு வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லியே எனக்கு வந்த ஒரு சம்பந்தம் கலைந்தது. அதன்பிறகு, "பூசாம வாசல் தாண்டாத ஆத்தா" என்பது அம்மா தினமும் சொல்லும் சொல்லாகிவிட்டது. வேலை கிடைத்ததும், தெரிந்தவர்கள் இல்லாத இந்தப் பக்கத்துப் பள்ளியை நானே கேட்டு வாங்கிக்கொண்டு கீரனூரில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். காலையில் பூசிய பூச்சு பன்னிரண்டு மணி வெயிலில் வியர்த்துக் கோடு கோடாக வழியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழுவிவிட்டு மறுபடி பூச வேண்டும். அப்படித்தான் ஆய்வகத்தின் தாழ்ப்பாள் என் வாழ்க்கையில் முக்கியமான பொருளானது.

லேப் அக்காவின் வீட்டுக்காரர் துபாயில், கட்ட இருக்கும் கட்டடங்களைச் சின்னதாகச் செய்து காட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். அந்த மாதிரிக் கட்டடங்களின் வாசலில் நிற்க வைப்பதற்கான வெள்ளை மனிதர்களில் கை உடைந்தது, கால் வளைந்தது என்று கழிக்கப்பட்டவற்றை விடுமுறைக்கு வரும்போது ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். பிள்ளைகள் விளையாடட்டும் என்று கொண்டுவந்தவை. "மூஞ்சி இல்லாம நிக்கிறது பாவமா இருந்துச்சு டீச்சர்" என்றார் அக்கா. ஸ்டேஷனரிக் கடையில் அக்ரிலிக் டியூப்கள் வாங்கி, மூன்று சைபர் போட்ட, முடிபோல் மெல்லிய பிரஷ் ஒன்றை வாங்கி, தானே பூசிப் பூசிக் கற்றுக்கொண்டார். கோட்டும் தொப்பியும் போட்ட அந்த வெளிநாட்டு உடம்புகளைப் பிளேடால் செதுக்கி, பசையில் நனைத்த டிஷ்யூ பேப்பரை மடித்துச் சுற்றிச் சேலைக் கொசுவம் வைப்பார், வேட்டி கட்டிவிடுவார். முகம் ஒரு கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். அதற்குள் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் நான் தினமும் பார்க்கிற பூக்கார அம்மாளைக் கொண்டுவந்துவிடுவார்.

நான் பூச்சைக் காயவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடங்களில் அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், ஒரு கண்ணாடித் தட்டில் ஈரத்துணியை மடித்துப்போட்டு அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து, அதில்தான் நிறங்களைக் குழைப்பார். முதலில் முகம் முழுக்க ஒரே மண் நிறம். அது காய்ந்ததும் கரும்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிடுவார். கண்குழியிலும் மூக்கின் அடியிலும் கீழுதட்டின் கீழும் அது தானாகப் போய்த் தங்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிர் நிறம்: நெற்றி மேட்டில், மூக்குத் தண்டில், கன்னத்து எலும்பில். தண்ணீராகக் கரைத்த பல பூச்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழ விழ, எந்த இடத்தில் முகத்துக்கு உயிர் வந்தது என்றே சொல்ல முடியாது. கண்ணைத் தொடும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வார். விழிக்கு வெள்ளை வைக்கமாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"முகத்துல சுத்த வெள்ளையே கிடையாது டீச்சர். பல்லு, கண்ணு, நரைச்ச முடி எதுவும் வெள்ளை இல்ல. வெள்ளைய வச்சா பொம்மையா போயிரும்" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். பிரஷ் அப்படியே நின்றது. நான் கைக்கண்ணாடியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆனபோது பள்ளிக்குப் புதுக் கட்டடம் முடிந்தது. திறப்பு விழாவுக்குப் பள்ளியின் மாதிரி ஒன்று செய்து வாசலில் வைக்கலாம் என்றார் தலைமையாசிரியர். பிளைவுட் பலகையில் கட்டடமும் கொடிக்கம்பமும் வேப்பமரமும் எழும்பின. கொடிக்கம்பத்தின் முன்னால் காலைப் பிரேயருக்கு நிற்பதுபோல் ஆசிரியர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவதாக அக்கா சொல்லிவிட்டார். வாரக்கணக்கில் ஒவ்வொருவரையும் ஓரக்கண்ணால் கவனித்தபடியே இருந்தார். தலைமையாசிரியரின் கண்ணாடி மூக்கில் சரிந்திருப்பது, பி.டி. சாரின் தாடையில் ஷேவ் பண்ணிய பிறகும் தெரிகிற நீலச்சாம்பல், தமிழய்யாவின் இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருப்பது எல்லாம் அந்தக் கொத்தமல்லி விதைகளில் வந்து உட்கார்ந்தன. என்னைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

"ஒங்கள எப்புடிப் போடட்டும் டீச்சர்?"

"தினமும் வர்ற மாதிரியே போட்டுருங்கக்கா."

"சரிங்க" என்றார். இரண்டு நாளில் நானும் வரிசையின் கோடியில் நின்றேன்.

எல்லோரும் சேர்ந்து பார்க்க வந்த அன்று ஆய்வகமே சிரிப்பாக இருந்தது. பி.டி. சார் தன் தொப்பையைத் தானே அடையாளம் கண்டு ஒப்புக்கொண்டார். வரிசையில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தவர் கோடியில் நிறுத்தினார். "இது யாரு, புதுசா யாரும் ஜாயின் பண்ணப் போறாங்களா?"

"மேக்ஸ் டீச்சர் சார்" என்றார் அக்கா.

"அட, இவங்களா? எல்லாரையும் அச்சு அசலாப் புடிச்சுப்புட்டு இவங்கள விட்டுட்டீங்களே."

நானும் குனிந்து பார்த்தேன். என் சேலை, என் பின்னல், நான் கைகட்டி நிற்கும் விதம் எல்லாம் சரியாக இருந்தன. முகம் மட்டும் யாருடையதும் இல்லை. மேடு பள்ளம் இல்லாமல், கண்குழியில்கூட நிழல் இல்லாமல், சுவரில் பெயிண்ட் முதல் கோட்டு அடித்ததுபோல் ஒரே நிறத்தில் இருந்தது. தினமும் காலையில் அரைமணி நேரம் செலவழித்து நான் செய்துகொள்கிற முகம் அதுதான் என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஆமா சார், எனக்குத்தான் இது கை வரல. மறுபடி பாக்குறேன்" என்றார் அக்கா.

எல்லோரும் போன பிறகு, பழியை ஏன் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "பின்ன என்னன்னு சொல்றது? நான் பாத்ததத்தான் போட்டேன்" என்றபடி பிரஷ்ஷைக் கழுவினார். அவர் குரலில் வருத்தமும் இல்லை, என்னை மாற்றும் உத்தேசமும் இல்லை. "இப்புடியே இருந்தாலும் இருக்கட்டும் டீச்சர். ஒங்க முகம், ஒங்க இஷ்டம்."

அந்த வாரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என்னை வருத்தியது பி.டி. சாரின் கேலி அல்ல. இரண்டு வருடங்களாகத் தினமும் என்னோடு ஒரே அறையில் சாப்பிடுகிற மனிதர் அவர். நான் இதுவரை ஒருமுறைகூட என் சொந்த முகத்தோடு அவர் முன்னால் இருந்ததில்லை என்பதுதான் என்னை அரித்தது. மாற்றி வரையச் சொன்னால் அதோடு முடியாது என்பதும் தெரிந்தது. மாதிரியில் புள்ளிகளோடு ஒருத்தி நின்றுவிட்டால், பூச்சோடு அதன் பக்கத்தில் நான் நிற்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மதியம் ஆய்வகத்துக்குப் போய் முகத்தைக் கழுவினேன். துடைத்துக்கொண்டு பையைத் திறக்காமல், ஜன்னலோரம் முக்காலியை இழுத்துப்போட்டு வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். எழுந்து கதவைத் தாழ்போடப் போனார்.

"தெறந்தே இருக்கட்டும்க்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது.

வெள்ளை டியூபை அவர் முதலில் எடுக்கவில்லை. என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் டாக்டரைத் தவிர யாரும் என்னைப் பார்த்ததில்லை. டாக்டர்கள் நோயைப் பார்ப்பார்கள். இவர் நிறத்தைப் பார்த்தார். "இது வெள்ளை இல்ல டீச்சர். லேசா செவப்பு இருக்கு, கொஞ்சூண்டு மஞ்சள் இருக்கு. ஓரத்துல ஒங்க நெறம் கொஞ்சம் கூடுதலாவே கருத்துருக்கு" என்று தனக்குள் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே குழைத்தார். பழைய முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மண் நிறத்திலிருந்து ஆரம்பித்தார். நடுவில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சுற்றறிக்கை நோட்டோடு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், கையெழுத்து வாங்கினாள், நடந்துதான் வெளியே போனாள், வராந்தா திரும்பியதும் ஓடும் சத்தம் கேட்டது. மணி அடிப்பதற்குள் பள்ளி முழுக்கத் தெரிந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. பையை ஆய்வகத்திலேயே வைத்துவிட்டு அந்த முகத்தோடு வகுப்புக்குப் போனேன்.

வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நானே ஆரம்பித்தேன். இது என்ன, ஏன் வருகிறது, தொட்டால் ஒட்டாது என்று மூன்று வரியில் சொன்னேன். பின்வரிசையில் ஒருத்தி, "வலிக்குமா டீச்சர்?" என்றாள். "வலிக்காது. வெயில் பட்டா எரியும்" என்றேன். "அப்ப குடை கொண்டாங்க டீச்சர்" என்றாள். அன்று மிச்ச நேரத்தில் ஈருறுப்புக் கோவையில் இரண்டு கணக்கு முடித்தோம்.

எல்லாம் அப்படியே நன்றாகப் போய்விடவில்லை. ஓர் ஆசிரியை சில மாதங்கள் என்னோடு குழம்பு பரிமாறிக்கொள்வதை நிறுத்தினார். ஒரு தகப்பனார் பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டு வந்தார். தலைமையாசிரியர் அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசி அனுப்பினார். பி.டி. சார் இரண்டு நாள் சங்கடத்தோடு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் ஆய்வகத்துக்குப் போய் மாதிரியைப் பார்த்துவிட்டு வந்து, "இப்பத்தான் டீச்சர் நீங்க வந்துருக்கீங்க" என்றார்.

நான் பயந்தது அம்மாவுக்குத்தான். திறப்பு விழாவுக்கு வரச்சொல்லியிருந்தேன், மற்றதைச் சொல்லவில்லை. கீரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முந்தானையை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்தாள். என் முகத்தில் பூச்சு வழிந்தால் அப்படித்தான் சைகை காட்டுவாள்.

"பூசலையா ஆத்தா?"

"இல்லம்மா."

விழா நடந்துகொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் அவள் இல்லை. வாசல் வராந்தாவில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த மாதிரியைச் சுற்றிக் கூட்டமாக நின்ற பெண்களுக்கு நடுவே நின்றிருந்தாள். கிட்டத்தில் போனேன், அவள் என்னைக் கவனிக்கவில்லை. வரிசையில் தேடிக்கொண்டே வந்து கோடியில் அவள் பார்வை நின்றது. கண்ணாடியோடு நெற்றி முட்டும் அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், விரலை வைத்துக் காட்டி, "இந்தா, இதுதான் எம் மக" என்றாள்.

நான் அங்கிருந்து நகர்ந்து ஆய்வகத்துக்குப் போனேன். அக்கா அங்கே தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் டீயை எனக்குத் தள்ளி வைத்துவிட்டு, கழுவ வேண்டிய பீக்கர்களைக் கழுவ ஆரம்பித்தார்.

இதெல்லாம் நடந்து நாலைந்து வருடங்கள் ஆகின்றன. அக்கா இடமாறுதல் வாங்கிக்கொண்டு கட்டுமாவடிப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விட்டார். மாமியார் வீடு அங்கேதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கடற்காற்றில் அக்ரிலிக் காய்கிற விதமே வேறு என்றார். படகுக்காரர்களின் முகத்தில் உப்பும் வெயிலும் சேர்ந்து ஒரு செம்பு நிறம் இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் ஒரு வருடம் ஆயிற்று என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் என் முகத்தை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்தார்.

"நெத்திக்கும் வந்துருச்சு போல."

"ஆமாக்கா, தை மாசத்துல இருந்து."

"வேற ஏதும் செய்யுதா?"

"ஒண்ணும் செய்யலக்கா."

"அப்ப வாங்க டீச்சர், கை கழுவுங்க. மீன் ஆறிப் போயிரும்."