வாசல்படியில் ஒரு டைனோசர்

“அப்பா... பாத்ரூம்!”

போன ஹாலோவீன் மாலை, பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகச் சொக்லேட் வாங்கப் போகிற நாள். கனடாவின் அஜக்ஸ் நகரில் ஒரு தெருமுனையில் நின்று என் ஆறு வயது மகள் அபி இதைச் சொன்னபோது அவள் டைனோசராக இருந்தாள். உள்ளே தடித்த குளிர் ஜாக்கெட். அதன் மேல் பச்சை உடுப்பு. சிப் முதுகில். வால் வேறு!

பிள்ளைகளோடு ஹாலோவீனுக்கு எங்கே போகலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நானும் நாலு பேரிடம் விசாரித்துத்தான் இந்தத் தெருவைப் பிடித்தேன். புல்தரையெல்லாம் எலும்புக்கூடுகள், ஒரு வீட்டில் புகை, இன்னொரு வீட்டில் தானாகத் திறக்கும் சவப்பெட்டி... சின்னப் பிள்ளைகள் அலறிவிட்டுச் சிரிக்கிற அளவுப் பயம்தான். அருமையான இடம். ஒரே ஒரு குறை — அவசரத்துக்கு ஒதுங்க வழியில்லை.

கார் எங்கோ தூரத்தில் நின்றது. சவப்பெட்டி வீட்டுக் கதவைத் தட்டி, “சொக்லேட் வேண்டாம், டாய்லெட் தாருங்கள்” என்று கேட்க முடியுமா? அபி ஒற்றைக்காலில் நிற்கத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் அந்தக் கதவு கண்ணில் பட்டது. மேலே மாவிலைத் தோரணம் — பிளாஸ்டிக்தான். ஆனால் அன்று நான் பார்த்த அலங்காரங்களில் அதுதான் ஆக அழகு.

மணியை அடித்தேன். ஐம்பது தாண்டிய ஒரு அன்ரி, சொக்லேட் தட்டோடு வந்தார். அபி பையை நீட்டினாள். அந்த நிலைமையிலும்!

“வாசல்படியில நிண்டு குடுக்கிறதும் கூடாது, வாங்கிறதும் கூடாது. உள்ளுக்கு வாங்கோ. இஞ்ச ஒரு பிள்ளையும் உள்ள வருதில்லை. தட்டு அப்பிடியே கிடக்குது.”

என் காதில் தேன் பாய்ந்தது. “அன்ரி, பிள்ளைக்கு ஒருக்கா பாத்ரூம்...”

“ஐயோ, ஓடி வா ராசாத்தி!”

டைனோசர் அசையவில்லை. “நோ அப்பா! ஷி இஸ் அ ஸ்ட்ரேஞ்சர். உள்ள போகக்கூடாதெண்டு டீச்சர் சொன்னவ.”

டீச்சர் சொன்னது சரி. வீட்டில் அதையே நூறு தரம் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வது? உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம், நடுவில் வாலை இறுக்கிப் பிடித்தபடி என் மகள்...

அன்ரி என் பக்கம் திரும்பினார்.

“தம்பி எந்த ஊர்?”

“கரவெட்டி.”

“கட்டின மனுசி?”

“நெல்லியடி.”

“நெல்லியடியில ஆற்ற மகள்? கெதியாச் சொல்லும்!”

“கந்தசாமி மாஸ்ரர்.”

“அட! அவற்ற தமையன்ர மகளைத்தானே என்ர தம்பி கட்டியிருக்கிறான்!” அன்ரி குனிந்தார். “பிள்ளை, நான் உனக்கு மாமி முறை.”

அபி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அடுத்த நொடி வால் உள்ளே பறந்தது. நானும் பின்னால் ஓடினேன். சிப்பை மாமி இழுத்த வேகம் இருக்கிறதே... ஒரு துளி சிந்தவில்லை!

பிறகென்ன, தேநீர், ரோல்ஸ், இன்னொரு ரோல்ஸ். சொக்லேட் தட்டில் பாதி அபியின் பையில். வழியனுப்ப மாமி வெளியே வந்தார். “வாற வருஷமும் வரவேணும், என்ன?” என்றார். ஒரு பிள்ளை கூட எட்டிப் பார்க்காத வீட்டில் அன்று ஒரு டைனோசர் புகுந்த சந்தோஷம் அந்த முகத்தில்.

ஆக, குடும்பத்தோடு போக நல்ல இடம் எது? பயமுறுத்த பத்து வீடு இருக்கட்டும். நடுவில் உள்ளே கூப்பிட ஒரு வீடு இருக்க வேண்டும்... அவ்வளவுதான் என் சிபாரிசு.

அன்று அடுத்துப் போனது சவப்பெட்டி வீட்டுக்கு. கறுப்பு அங்கி, கோரைப்பல், வாயோரம் ரத்தம் — ஒரு வெள்ளைக்காரர் கதவைத் திறந்தார். அபி பையை நீட்டவில்லை. இடுப்பில் கை வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அங்கிள், நீங்கள் எந்த ஊர்?”