பழைய இரும்பு வண்டியில் திராட்சை

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஓடாத மிக்ஸி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"பழைய இரும்பு, பழைய பேப்பர், உடைஞ்ச பிளாஸ்டிக், ஓடாத மிக்ஸி, கிரைண்டர் எடுக்கிறோம்... பழைய இரும்பு, பழைய பேப்பர்..."

ஸ்பீக்கர் அலற அலற எங்கள் தெருவுக்குள் ஒரு லோடு ஆட்டோ வந்தது. எனக்கு இரண்டு வேலை. ஒன்று, மிக்ஸியை ஒழித்துக்கட்டுவது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்க விடாத அந்த ஆளை நாலு வார்த்தை கேட்பது. எது முக்கியமான வேலை என்று உங்களுக்கே தெரியும். இத்தனை வருஷமாக என்னைப் படிக்கிறவர்கள்தானே?

வண்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். இரும்பும் இல்லை, பேப்பரும் இல்லை. வண்டி நிறைய திராட்சை. கருகருவென்று பன்னீர் திராட்சை, கிரேட் கிரேட்டாக.

மிக்ஸியோடு நான். திராட்சையோடு அவர். தலைக்கு மேல் ஸ்பீக்கர் மட்டும் பழைய பேப்பர் கேட்டுக்கொண்டிருக்கிறது...

கொஞ்சம் இருங்கள். முந்தின நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால், இதற்குப் பிறகு நான் செய்த காரியத்துக்கு என்னைப் பைத்தியம் என்பீர்கள். தெரிந்தாலும் சொல்வீர்கள். பரவாயில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்திருந்தாள்.

"அம்மா, இனிமே பத்திரிகைப் பத்தியெல்லாம் கம்ப்யூட்டரே எழுதிரும். உன்னை மாதிரியே எழுதச் சொல்லி நானே சோதிச்சுப் பார்த்தேன்."

"எழுதுச்சா?"

"எழுதுச்சு. ஆனா மரியாதையா எழுதுது."

அந்த அளவில் எனக்கு ஆபத்தில்லை. ஆனாலும் அவள் விடவில்லை. "எதுக்கும் வேற ஒரு வேலை கத்துக்கம்மா. உன் வயசுல எத்தனை பேரு புதுசா படிக்கிறாக!"

போனை வைத்துவிட்டு யோசித்தேன். நீங்களும் யோசித்திருப்பீர்கள். யோசிக்காதவர் யார்? பஸ்ஸில் உட்கார்ந்தால் டிரைவரைவிட நமக்கு நன்றாக ஓட்டத் தெரியும். பேங்க்கில் நின்றால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நாம் இருந்திருந்தால் வரிசை எப்போதோ நகர்ந்திருக்கும். அடுத்தவர் நாற்காலி நமக்கென்றே செய்தது போலத்தான் இருக்கும் — அதில் உட்காராத வரைக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் தேனி பஜாரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். மெதுவாகப் பேசுவார். பேசினால் குத்தும். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எனக்கு வேலை தேட உதவிக்கு வந்தார்.

"யோகா டீச்சர்?" என்றேன்.

"மூச்சை இழுங்கன்னு நீ ஒரு அதட்டு அதட்டினா, இழுத்தவுக வெளிய விட மாட்டாக."

"கல்யாண புரோக்கர்?"

"பையன் எப்படின்னு கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லிருவ. அப்புறம் இந்த ஜில்லாவுல ஒரு மேளம் கொட்டாது."

"ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல உட்காருவேன்."

"நல்லது. பாதிப் பேருக்கு அங்கனயே சரியாப்போயிரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகை வரவேண்டிய இடத்திலும் எனக்குக் கோபம்தான் வரும், அது என் உடம்புவாகு. "அப்ப இந்த வாயை வச்சுக்கிட்டு உலகத்துல எனக்கு ஒரு வேலையும் இல்லைங்கிறீகளா?"

"இருக்கும்" என்றார். "இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை."

சரி. இப்போது வாசலுக்கு வாருங்கள்.

"என்னய்யா இது? விக்கிறது திராட்சை, கூப்பிடுறது பழைய இரும்பா?"

வண்டியிலிருந்து இறங்கியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தெருவில் பழம் விற்கிற யாரும் அப்படி உடுத்தி நான் பார்த்ததில்லை. பெயர் சவரிமுத்து, ஊர் ராயப்பன்பட்டி என்றார்.

"கோவிக்காதீக தாயி. இது என் மச்சினன் வண்டி. அவன் இங்கன பழைய இரும்பு எடுக்கிறான். காய்ச்சல்னு படுத்துட்டான், நான் ஓட்டிக்கிட்டு வந்தேன். அந்தப் பொட்டியை நிப்பாட்டத் தெரியலை. சுவிட்சு உடைஞ்சு கெடக்கு."

"இப்படியேவா தெருத் தெருவா வந்தீக?"

"விடிஞ்சதுலேர்ந்து."

"எவ்வளவு வித்துச்சு?"

வண்டிக்குள் கையைக் காட்டினார். கிரேட்டுகளுக்கு நடுவே ஒரு உடைந்த வாளி, ஒரு கட்டுப் பேப்பர், சக்கரமில்லாத ஒரு குழந்தை சைக்கிள்.

"வேண்டாம்னு சொல்ல வரலை. போட்டுட்டுப் போயிட்டாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் யாரும் தெருவுக்கு வருவதில்லை. வியாபாரி தோட்டத்துக்கு வருவார். பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்து பார்ப்பார், விலை பேசுவார், அறுத்து ஏற்றிக்கொண்டு போவார். தோட்டக்காரர் கையைக் கட்டி நின்றால் போதும். இந்த முறை பேசி முடித்த பிறகு விடாத மழை. பழம் வெடிக்க ஆரம்பித்தது. பேசிய வியாபாரி போனை எடுக்கவில்லை. அதனால் நல்ல குலைகளை மட்டும் பார்த்து அறுத்து, தானே ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார் சவரிமுத்து.

"இன்னிக்குள்ள போகலைன்னா ஓடையிலதான் கொட்டணும் தாயி. அப்புறம் கொடியை வெட்டிவிடணுமே, அந்தக் கவாத்துக்கு எதை வச்சு ஆள் விடுறது? பந்தலையே பிரிச்சுர வேண்டியதுதான்."

"அப்ப வாயைத் திறந்து கூவ வேண்டியதுதானே?"

"கூச்சமா இருக்கு. கோயில்ல பாட்டுப் பாடும்போதுகூட நான் வாயை அசைக்கத்தான் செய்வேன்."

பார்த்தீர்களா? இங்கே ஒருவருக்கு வேலை இருக்கிறது, வாய் இல்லை. எதிரே ஒருத்திக்கு வாய் இருக்கிறது, வேலை இல்லை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஸ்குரூ டிரைவரோடு வந்தார். பெட்டியைத் திறந்து, அதில் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கி சவரிமுத்துவின் சட்டைப் பையில் போட்டார். பழைய பேப்பர் நின்றது. தெரு முழுக்க ஒரு நிம்மதி. பெட்டிக்குப் பின்னால் ஒரு மைக் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, "உனக்கு இது தேவையான்னு தெரியலை" என்றார்.

மிக்ஸியை வண்டிக்குள் போட்டுவிட்டு மைக்கைப் பிடுங்கினேன். புது வேலை. டிரெய்னிங் கிடையாது.

"ராயப்பன்பட்டி பன்னீர் திராட்சை! தோட்டக்காரரே கொண்டாந்திருக்காரு! மழையில நனைஞ்ச பழம்! இன்னிக்கே தின்னுருங்க! நாளைக்குன்னு வச்சா ஒண்ணுக்கும் ஆகாது!"

சவரிமுத்து பதறிப்போனார். "தாயி, தாயி... கடைசியா சொன்னதைச் சொல்லாதீக!"

"பின்னே? நாளைக்கு அழுகினா நீங்க ராயப்பன்பட்டியில இருப்பீக. நான் இங்கன இருக்கணும்."

கதவுகள் திறந்தன. பழத்துக்காகத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஹமீதா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யாரோடக்கா சண்டை?"

"சண்டை இல்லை. வியாபாரம்."

"எனக்கு வித்தியாசம் தெரியலைக்கா."

வந்தவள் சும்மா நிற்பாளா? ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. "லேசாப் புளிக்குதோ?"

"புளிச்சாத் துப்பணும் ஹமீதா. மறுபடி மறுபடி ஏன் வாய்ல போடுற? போய் அண்டாவை எடுத்துட்டு வா!"

மைக் கையில் இருப்பதை மறந்துவிட்டேன். தெருக் கோடி வரைக்கும் கேட்டது. ஹமீதா ஒரு நிமிடம் என்னை முறைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "ஒரு கிரேட்டை இறக்குங்கண்ணே. விருந்தாளுக வர்றாக. இல்லைன்னா இந்தக்கா எங்க வீட்டுக் கதை மொத்தத்தையும் மைக்ல சொல்லிரும்."

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் தின்று பார்த்துவிட்டுச் சும்மா போனவர் யாருமில்லை. பயம்தான்.

தெரு முடிந்தது. கிரேட் பாதிகூடக் குறையவில்லை. சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"மத்தியானச் சமையல்?" என்றார் வீட்டுக்காரர்.

"திராட்சை தின்னுங்க."

அடுத்த தெருவில் அடி வாங்கினேன். வியாபாரத்தில்தான். ஒரு பெரிய மனிதர் குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொண்ணு பார்க்கவா வந்தீக? பழந்தானே?" என்றேன். வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். சவரிமுத்து ஒரு குலையை எடுத்துக்கொண்டு முதலில் போன பெரியவர் பின்னாலேயே நடந்தார். வாசலில் நின்று ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. சத்தமாகப் பேசினால்தானே கேட்கும்? கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரியவர் பையோடு வந்தார். அவர் மனைவியும் வந்தார். என்னை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. என் வாய் ஆளைக் கூட்டும். கூடின ஆளை நிறுத்தி வைக்க எனக்குத் தெரியாது. அது தெரிந்தவருக்குக் கூட்டத் தெரியாது. வேறு வேலைக்குப் போவதைப் பற்றிக் கனவு காண்கிறோமே, அந்த வேலையில் நமக்குத் தெரிந்த பாதியை மட்டும்தான் காண்கிறோம்.

மத்தியானத்துக்குள் என் தொண்டை கட்டிவிட்டது. எங்கள் வாசலுக்குத் திரும்பியபோதும் வண்டியில் இன்னும் பழம் இருந்தது. வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். நான் கூவியதை ஏற்கெனவே போனில் பதிவு செய்து வைத்திருந்தார் மனுஷர். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகினார். "இனிமே நீ இல்லாமலே நீ கத்தலாம்" என்றார். என் குரலை ஏற்றிக்கொண்டு சவரிமுத்து கிளம்பினார்.

சாயங்காலம் வந்து நின்றார். எட்டிப் பார்த்தேன். கிரேட்டெல்லாம் காலி. வாளியும் பேப்பர்க் கட்டும் சைக்கிளும் என் மிக்ஸியும் மட்டும் கிடந்தன. வெள்ளைச் சட்டை முழுக்கத் திராட்சைக் கறை. எனக்கென்று ஒரு பை பழம் எடுத்து வைத்திருந்தார். கவாத்துக்கு ஆள் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"கடைசித் தெருவுல, பொட்டி ஒரு சுத்து கத்தி முடிச்ச இடைவெளியில நானே ஒரு தடவை கூவினேன் தாயி."

"கேட்டுச்சா யாருக்காவது?"

"ஒரு நாய் திரும்பிப் பார்த்துச்சு."

அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். மகளுக்குப் போன் போட்டு, புது வேலை கிடைத்துவிட்டது என்று கரகரத்த தொண்டையில் சொன்னேன். பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை காலை. நல்ல தூக்கம். தெருவில் ஒரு பொம்பளை காட்டுக் கத்தல் கத்துகிறாள். விடிந்தும் விடியாமல் இது என்ன நாகரிகம்? வளர்த்தவர்கள் ஒன்றும் சொல்லித் தரவில்லையா? கொண்டையை முடிந்துகொண்டு நாலு வார்த்தை கேட்க வாசலுக்கு ஓடினேன்.

"...மழையில நனைஞ்ச பழம்! இன்னிக்கே தின்னுருங்க! நாளைக்குன்னு வச்சா ஒண்ணுக்கும் ஆகாது!"

வண்டி நிறையப் பழைய இரும்பு. ஓட்டி வந்தவர் மச்சினன், காய்ச்சல் தேறிவிட்டது. அவருடைய பென் டிரைவ் சவரிமுத்துவின் சட்டைப் பையோடு ராயப்பன்பட்டிக்குப் போய்விட்டதாம். சுவிட்ச் இன்னும் உடைந்துதான் கிடக்கிறது. "நிக்க மாட்டேங்குதுக்கா" என்றார் பாவமாக.

திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்தேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் கேட்டார். "என்ன, திட்டலையா?"

"யாரைத் திட்டுறது?"

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனார். பெட்டியைத் திறந்து, வால்யூம் குமிழைப் பிடித்துத் திருகினார். என் குரல் குறைந்துகொண்டே வந்து அடங்கியது. திரும்பி வந்தவர் முகத்தில், கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத ஒரு திருப்தி.