எத்தெல்வினா கண்ட பேய்ப்பூ

கோயிலில் வாசகம் படிக்கும்போது பெரிய சொல் ஏதாவது வந்து நான் தட்டுத்தடுமாறினால், முன்பெஞ்சிலிருந்து எத்தெல்வினா பலமாக இருமுவார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குள் நான் எழுத்துக்கூட்டிவிடுவேன். அவருக்குச் சளியே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

என் மகனுக்கு அவர் ஞானத்தாய். அதனால் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றே கூப்பிடுவோம். யூமா நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக்கடையில் முப்பது வருடம் தோர்த்தியா ரொட்டி சுட்டவர். ஓய்வுநாளில் பாலைவனத்தில் பூத்தேடி அலைவார். பேய்ப்பூ ஒன்றைத்தான் அவர் பார்த்ததில்லை. நல்ல மழை பெய்த வருடத்தில்தான் அது தலைகாட்டும். இதற்குள் அவர் கண்ணின் நடுவில் இருட்டு விழுந்துவிட்டது. அடுத்த வருடம் ஓரப்பார்வையும் நிற்காது என்றார் மருத்துவர். மார்ச்சில் ஒரு ஞாயிறன்று மகள் வந்து, தன்னோடு வைத்துக்கொள்ள அவரை பீனிக்ஸுக்கு அழைத்துப்போவதாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மழை கொட்டியது. அந்த ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பு ஓடை மணலில் வெளிர்மஞ்சள் பூக்களைப் பார்த்ததும் ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தேன்.

குப்புறப் படுத்துக்கொண்டார். நாங்கள் பாலைப் பூவைப் பறித்துப் பார்ப்பதில்லை, விதை விழவேண்டும். இலைமேல் சட்டைக்கையை வைத்து இழுத்தார். அது விடாமல் பிடித்துக்கொண்டது.

"இது மணல்நட்சத்திரம், கொமாத்ரே. நீங்க பேய்ப்பூன்னு நினைச்சதுக்கு நகம் இருக்கு."

"பார்த்தா அதேதானே?"

"இவளை மாதிரியே வேஷம் போட்டுத் தேனீயை ஏமாத்துறதாலதான் அதுக்குப் பேய்னு பேரு. தேன் ஒரு சொட்டு கிடையாது. இங்கதான் பக்கத்துல எங்கயோ நிக்கும். எந்திரிக்காதீங்க."

மணலில் முழங்காலால் நகர்ந்தோம். ஆறாவது செடியோ ஏழாவதோ, அவர் விரல் ஒரு இலைமேல் நின்றது. பூனைக்காது போல மெத்தென்ற ரோமம்.

"பூவுக்குள்ள எத்தனை மகரந்த நூல்?"

"ரெண்டு."

"நல்லா எண்ணுங்க. நட்சத்திரத்துக்குக் கத்தையா இருக்கும்."

"ரெண்டேதான். கீழிதழ்ல சிவப்பா ஒரு திட்டு. சுத்தியும் பொடிப்பொடியாப் புள்ளி."

தலையைச் சாய்த்து, கடைக்கண்ணை அதற்கு நேராகக் கொண்டுவந்தார். வெயில் இதழுக்குள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. ஒரு தேனீ அந்தச் சிவப்பைத் தன் துணையென்று நினைத்து இறங்கியது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இத்தனை வறண்ட வருடமும் ஆண்டவர் இதை எங்கள் காலடி மணலில்தான் வைத்திருந்திருக்கிறார்.

"பார்த்துட்டீங்களா?"

"பேசாதீங்க. பார்த்துட்டிருக்கேன்."

ஞாயிறன்று வண்டியில் ஏறியபின் ஜன்னலை இறக்கி என் கையைப் பிடித்தார்.

"அந்தச் சிவப்பு போகவே இல்ல, கொமாத்ரே. கண்ணை மூடினா சரியா நடுவுல தெரியுது."