பனித்தூள் பறக்கவில்லை

தெற்கு அரைக்கோளத்து ஒடாகோவில் ஜூலை நடுக்குளிர்காலம்; முயல்களுக்கு ஒளிய இடமில்லை. புல் வெளுத்துக் கிடக்கும். உறைபனியின் மேல் பழுப்பு முதுகுகள் தனியாகத் தெரியும். நோலீன் கெயர்ன்கிராஸுக்கு ஆண்டில் மும்முரமான மாதம் இதுதான். வயது அறுபத்தொன்று. முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஆட்டுப் பண்ணைகளில் புல்லைத் தின்று தீர்க்கும் முயல்களைச் சுடுவதே அவருடைய தொழில்.

அன்று காலை பண்ணைக்காரர் லாக்லன் ஹாகார்ட்டும் கூட வந்தார். நோலீனுக்குக் காது போய்விட்டதாக ஊர் மதுக்கடையில் பேச்சு. ஹாகார்ட் நேரம் காலம் இல்லாமல் நாலு சக்கர பைக்கில் ஆடுகளுக்குத் தீவனம் கொண்டு போகிறவர். பின்னால் பைக் வருவது கேட்காத ஆளை அவர் துப்பாக்கியோடு உள்ளே விடமாட்டார். அவர் கதவைச் சாத்தினால் மற்ற பண்ணைகளும் சாத்திவிடும்.

ஆடுகளுக்காக விதைத்த டர்னிப் கிழங்கு வயலின் ஓரத்தில் நோலீன் குப்புறப் படுத்தார். முதல் இரண்டு முயல்கள் விழுந்தன. மூன்றாவது அறுபது மீட்டரில், மண்மேட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தது. விசையை இழுத்தார். முயல் காதைத் திருப்பியதோடு சரி.

"தப்பிருச்சு!" ஹாகார்ட் பக்கத்திலிருந்து கத்தினார். "போடு, இன்னொண்ணு போடு! உக்காந்துட்டுதான் இருக்கு!"

கை தன்னால் போல்ட்டை, தோட்டாவை உள்ளே தள்ளும் தாழை, இழுத்தது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுந்தது. அடுத்த தோட்டா பாதி உள்ளே போயிருந்தது. அங்கேயே நிறுத்தினார்.

குறி தப்பினால் குண்டு மேட்டில் பட்டு, பனித்தூள் பறக்கும். பறக்கவில்லை. அப்படியானால் குண்டு எங்கே?

குழலை மேட்டின் பக்கமே வைத்துக்கொண்டு தோட்டாக்களை எடுத்தார், போல்ட்டை உருவினார், பின்வழியாகக் குழலுக்குள் பார்த்தார். வெளிச்சமே இல்லை.

"குண்டு உள்ளயே நிக்குது."

ஹாகார்ட்டின் முகம் வெளுத்தது. இன்னொன்று சுட்டிருந்தால் குழல் நோலீனின் முகத்திலேயே வெடித்திருக்கும்.

"ஆமா, எப்பவும் போல இல்லாம, சும்மா துப்பின மாதிரிதான் கேட்டுச்சு. அதைக் கேட்டுத்தானே நிறுத்தினே?"

அவர் உதட்டசைவைப் பார்த்து, "ஆமா" என்றார் நோலீன். சத்தமடக்கி மாட்டிய துப்பாக்கி. அதன் ஓசையைக் கடைசியாக எப்போது கேட்டார் என்பது அவருக்கே நினைவில்லை.

ஹாகார்ட் தலையாட்டிவிட்டு அவருக்குப் பின்னால் நடந்தார். நோலீன் போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நோலீன், உன் வண்டி டயர் காத்து போயிருக்கு."

அவர் துடைத்தார்.

"நோலீன். டயர்."

துணியின் மறுபக்கத்தைத் திருப்பினார். சற்று நேரத்தில் பனியின் மேல் இரண்டு பூட்ஸ்கள் வந்து நின்றன. நிமிர்ந்து பார்த்தார்.

"டயர் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு" என்றார் ஹாகார்ட். "எத்தனை வருசமா?"

"இடது காது நாலு வருசம். வலது, போன குளிர்லேர்ந்து. கத்தினா கேக்கும்."

"என்கிட்ட பொய் சொன்னியே."

"சொன்னேன்."

"பனித்தூள் பறக்கலன்னு பாக்குற கண்ணு இந்த ஊர்ல யாருக்கும் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா நான் பின்னாடி பைக்ல வந்தா?"

டர்னிப் இலைகளுக்கிடையே முயல்கள் மறுபடி தலை தூக்கின. இருவருமே பார்த்தார்கள்.

"இனிமே தனியா இந்த வேலிக்குள்ள வராதே."

அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த நோலீன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"வியாழக்கிழமை உனக்கு வேலை இருக்கா, லாக்கி?"

"எனக்கா? எதுக்கு?"

"நான் சுடறப்ப பக்கத்துல ரெண்டு நல்ல காது வேணும். நீ வாயை மூடிட்டு உக்காந்திருந்தா போதும். அதுதான் உனக்குக் கஷ்டம்."

முயல்கள் மொட்டையடித்த வயலை ஹாகார்ட் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏழு மணி" என்று சொல்லிவிட்டு பைக்கை நோக்கி நடந்தார். நாலடி போனவர் நின்றார். திரும்பி வந்து நோலீனின் முகத்துக்கு நேராக நின்று, கையுறை போட்ட ஏழு விரல்களைக் காட்டினார்.