குளிர்கால ஏரியில் ஒரு பாஸ் மீன்

இந்த நாட்டில் ஆடி மாதம் குளிர்காலம். அப்போது ஆற்றில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடித்து வைத்திருக்க முடியாது; முட்டையிடும் காலம் என்று தடை. அணைக்கட்டு ஏரியில் பிடிக்கலாம், ஆளுக்கு இரண்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் போனேன். அரசாங்க அலுவலகத்தில் விதிமுறைகள் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். மனைவியின் வயிற்றுக்கு மட்டும் எந்த விதியும் பிடிபடவில்லை.

கீமோ தொடங்கியபின் அவள் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை நிறை பார்ப்பார்கள். இன்னும் குறைந்திருந்தால் சாப்பாடு இறக்க மூக்கால் குழாய். அந்த நிலையில்தான் ஒரு நாள் தானாகவே சொன்னாள்: "கடல் மீன் மணம் வயித்தைப் பிரட்டுது. குளத்து மீனில சொதி வைச்சால் ஒரு வாய் குடிச்சுப் பாப்பன்."

ஸ்ட்ராத்ஃபீல்டில் பல்வைத்தியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பரிடம் சின்னப் படகு ஒன்று உண்டு. மீனைப் பிடித்து, படம் எடுத்து, மறுபடி தண்ணீரில் விடுகிற ஆள். விடியமுன் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏரி புகைந்துகொண்டிருந்தது. படகிலிருந்த சவுண்டர் திரையில் ஆழத்தில் மீன் கூட்டம் திரளாகத் தெரிந்தது. தூண்டிலை நேரே அதன் நடுவில் இறக்கி, மெல்லத் தூக்கி, மெல்ல விட்டோம். திரையில் மீன்கள் இரைக்குக் கிட்ட வந்தன, பார்த்தன, விலகிப் போயின. குசினியில் சாப்பாட்டுத் தட்டோடு நான் தினமும் காண்கிற காட்சி.

"அண்ணை, குளிருக்கு அதுகளுக்குப் பசி இல்லை. அவசரப்படுத்தாதேங்கோ."

"உங்கட கதிரையில வாய் திறக்காமல் இருந்த ஆக்களுக்கும் இதைத்தானோ சொன்னனீங்கள்?"

"அவையளுக்கு ஊசியைக் காட்டினால் காணும்."

மத்தியானம் ஆகியும் ஒன்றும் கடிக்கவில்லை. விரல்கள் மரத்துவிட்டன. இரையை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன், கடைசியில் "ஒண்டே ஒண்டு" என்று தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சினேன். நண்பர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

புறப்படலாம் என்று அவர் மோட்டரில் கை வைத்தபோது என் தூண்டில் தடி வளைந்தது. மேலே வந்தது ஒரு முழத்துக்கும் குறைந்த பாஸ்.

"சின்னன். விடுவமே?" பழக்கதோஷத்தில் கேட்டார்.

"தொட்டீங்கள் எண்டால் உங்களைத்தான் தண்ணிக்குள்ள விடுவன்."

வீட்டுக்கு வர இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் போர்வைக்குள் சாய்ந்திருந்தாள், நெற்றியில் திருநீறு, மடியில் போன். பெட்டியைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது.

"நல்ல மீன். ஆனா இண்டைக்கு நல்லூரில கொடி ஏறீட்டுது. லைவ்வில பாத்தனான்."

ஊரில் நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறினால் திருவிழா முடியும்வரை, இருபத்தைந்து நாளும், எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். ஆஸ்பத்திரி நாட்களைத் தவிர வேறெந்த நாளும் என் தலையில் இருக்கவில்லை.

"இஞ்சரும், வருத்தக்காரருக்கு விரதம் விலக்கு."

"இது உங்கட டிப்பார்ட்மென்ட் இல்லை."

"திங்கட்கிழமை நிறை பாப்பினம். குழாய் போட்டிடுவினம்."

"போடட்டும்."

அவளுடைய காலடியில் இருந்துவிட்டேன். கோபப்பட்டேன், கும்பிட்டேன். முருகன் கோவிக்கமாட்டார் என்று, அவரை எனக்குத் தெரியும் என்பது போல உத்தரவாதம் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

பிறகு சொன்னாள்: "துப்புரவாக்கி ஃப்ரீசரில வையுங்கோ. திருவிழா முடிஞ்ச அடுத்தநாள் சொதி வைப்பம். தேங்காய்ப்பால் வாங்க மறந்துபோடாதேங்கோ."

வருத்தம் கண்ட நாளிலிருந்து அவள் நாளையைத் தாண்டி ஒரு நாளைப் பற்றிப் பேசியதில்லை. அந்த நாள் வரைக்கும் அவளை எதைக் கொடுத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அதுவரைக்கும் கஞ்சியாவது குடிப்பீரோ?" என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றாள்.

குசினிக்குப் போய் முதலில் அரிசியைக் கழுவினேன். மீன் காத்திருக்கட்டும்.