பகலில் வந்த பதில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. தேர்தல் நேரத்தில் ஊருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்றுதான், எங்கள் தொகுதிக்காரர்கள் மல்லுக்கட்டுகிற பேஸ்புக் குழுவில் பெயரைப் போடாமல் ஒரு செம்பருத்திப் பூவின் படத்தை வைத்துக்கொண்டு சேர்ந்திருந்தேன். யார் என்று தெரியாத இடத்தில் வாய்க்குப் பூட்டு எதற்கு? இஷ்டத்துக்கு எழுதுவேன்.

அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை. கேட்டை ஒட்டிய ஆபீஸ் ரூமில் இருப்பேன். காலையில் உள்ளே போகிறவர்கள் என்னிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெடிமருந்து புழங்குகிற இடத்துக்குத் தீப்பெட்டி போகக் கூடாது, பீடி போகக் கூடாது, போனும் போகக் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுப்பேன். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கம்பெனிகளிலும் இதுதான் நடைமுறை. என் ரூம் வேலிக்கு வெளியே இருப்பதால் என் போன் மட்டும் மேஜை மேலேயே கிடக்கும்.

குழுவில் எனக்கு ஓர் எதிரி இருந்தார். ஜல்லிக்கட்டுக் காளை படம் வைத்திருந்தார். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எங்கள் கட்சியைப் பற்றி நான் ஒரு வரி எழுதினால் அவர் பத்து வரி எழுதிக் கிழித்துத் தொங்கவிடுவார்.

"ஏலே செம்பருத்தி, ஒங்காளுக அம்புட்டுப் பேரும் வந்து கிழிச்சதப் பாத்தாச்சுலே" என்றுதான் ஆரம்பிப்பார். என்னை ஆம்பிளை என்று நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை. "போலே, ஒனக்கு வாலை ஆட்ட மட்டுந்தாம்லே தெரியும்" என்று பதில் போட்டுவிட்டுச் சிரிப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதரை எனக்கு அறவே பிடிக்காது.

ஒன்று மட்டும் உண்டு. காலை எட்டு மணிக்கு மேல் சாயங்காலம் ஐந்து வரை காளையிடமிருந்து சத்தமே வராது. 'பகலில் பம்முகிறவன்' என்று எங்கள் ஆட்கள் கேலி செய்வார்கள். எனக்குக் காரணம் புரிந்தது. அவருடைய போனும் எங்கேயோ ஒரு கேட்டில், என்னைப் போல ஒருத்தியின் கையில் இருக்கிறது. புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரருக்கு நான் எதற்கு வக்காலத்து வாங்க வேண்டும்?

ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம் சண்டை முற்றியது. எங்கள் பக்கத்து மேம்பாலம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டியது யாருடைய ஆட்சி என்பதுதான் விவகாரம். ஒருநாள் விடிந்ததும் எங்கள் ஆள் ஒருவர் எழுதினார்: "காளை ஆம்பிளையா இருந்தா இன்னைக்குப் பகல்ல பதில் சொல்லட்டும்." அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன.

பத்தரை மணி வாக்கில் காளை பதில் சொன்னார்.

கேட்டில் இருக்க வேண்டிய போன் இந்நேரம் அவர் கைக்கு எப்படி வந்தது? ஒருவேளை லீவோ என்று பார்த்தால், எந்தக் கட்சி ஜெயித்தாலும் வெடி வேண்டுமென்று ஆர்டர் குவிந்து கிடந்த நேரம் அது. யார் லீவு கொடுப்பார்கள்? பத்து வரி எழுதுகிறவர் அரை வரிதான் எழுதியிருந்தார், அதிலும் பாதி தப்பு. ஒளிந்து நின்று அவசரமாகத் தட்டிய மாதிரி இருந்தது.

நேரே போர்மேனிடம் போய்ச் சொன்னேன். அவரும் பெண்களுக்கு ஒரு மேஸ்திரியக்காவும் ரூம் ரூமாகப் போய் எல்லோரையும் சோதித்தார்கள். எங்கள் கம்பெனியில் யாரிடமும் போன் இல்லை. அப்படியென்றால் வேறு கம்பெனி. சாத்தூரிலிருந்து திருத்தங்கல் வரை எங்கே என்று போய்த் தேட?

தனியாக அவருக்கு எழுதினேன். "அண்ணே, நாந்தான் செம்பருத்தி. பொம்பளை ஆளு. கம்பெனி கேட்ல போன் வாங்கி வைக்கிற வேலை. நீங்க போனோட உள்ள இருக்கீகளா? ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், வெளிய வந்துருங்க. சண்டைய சாயங்காலம் வச்சுக்கிடலாம்."

அவர் அதை அப்படியே படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார். "பாத்தீகளா, எந்தக் கம்பெனின்னு துப்பு எடுத்து என் பொழப்புல மண்ணப் போடப் பாக்காக." அவருடைய ஆட்கள் பொங்கி எழுந்தார்கள். எங்கள் ஆட்கள் அதற்கும் மேலே போனார்கள். "நல்ல யோசனைலே. எந்தக் கம்பெனின்னு கண்டுபிடிச்சு மொதலாளிக்குப் போனைப் போடுங்க." ஆளுக்கு ஒரு பக்கம் அவரைச் சீண்டினார்கள். அவரும் விடாமல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்.

எனக்குக் காது ஜன்னலுக்கு வெளியே இருந்தது. எங்கள் பக்கம் வெடி விபத்து என்றால் முதலில் சத்தம் கேட்கும், அப்புறம்தான் புகை தெரியும். அவரிடமிருந்து பதில் வந்தால் போன் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று பயம். வராவிட்டால் அதைவிடப் பயம். இந்த மனிதர் வாயை மூட வேண்டுமென்றால் இவர் ஜெயித்தாக வேண்டும். வேறு வழியே எனக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் பார்க்கிற மாதிரி குழுவில் எழுதினேன். "அடிக்கல் நாட்டுனது அவுக ஆட்சிதான். காளை அண்ணன் சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன். இனிமே இதுல பேச ஒண்ணுமில்ல."

அது எங்கள் ஆட்சி நாட்டிய அடிக்கல். இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அதை மாற்றி எழுதும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "எம்புட்டு வாங்குன?" என்று கேட்டார் எங்கள் ஆள் ஒருவர். துரோகி என்றார்கள். பொம்பளை என்று தெரிந்துவிட்டதால் இங்கே எழுத முடியாததையெல்லாம் எழுதினார்கள். எத்தனை வருஷம் இவர்களுக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று நினைத்ததும் அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு காளை எழுதுகிறாரா, நிறுத்திவிட்டாரா என்று பார்க்கக்கூட வழியில்லை. மத்தியானச் சோற்றைத் திறக்கவே இல்லை. ரோட்டில் லாரி கதவைச் சாத்தினால்கூட எழுந்து வாசலுக்குப் போனேன்.

சாயங்காலம் எல்லோருக்கும் போனைக் கொடுத்து முடித்தபோது காளை எனக்குத் தனியாக எழுதினார்.

"தாயி, நீ சொன்னது நெசந்தான். கேட்ல பழைய பட்டன் போனைக் குடுத்துட்டு இதை இடுப்புல சொருகிட்டுப் போயிட்டேன். நீ தோத்துட்டேன்னு போட்டதும் அணைச்சு வச்சுட்டேன்."

ஆள் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். "மருந்து ரூம்லயா இருந்தீக?" என்று கேட்டேன்.

"ஆமா."

"பக்கத்துல யாரு இருந்தா?"

அவர் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். பிறகு வந்தது. "அடுத்த ரூம்ல என் வீட்டுக்காரி திரி வெட்டிக்கிட்டு இருந்தா."

திட்டுவதற்காக எழுதி வைத்திருந்ததையெல்லாம் அழித்தேன். "அக்காட்ட சொல்லிட்டீகளா?"

"இல்ல தாயி. சொன்னா வெளக்கமாத்தாலயே சாத்துவா."

"வாங்கிக்கோங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க" என்று எழுதிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

ஊர் வருவதற்குள் அவர் மறுபடி எழுதியிருந்தார். "சொல்லிட்டேன். அவ அடிக்கல. பிள்ளைக ரெண்டையும் மடியில இழுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எங்கூடப் பேச மாட்டேங்கா."