முப்பத்தெட்டுப் பேருக்கு ஓர் அர்ச்சனை

போன வருடம் ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி, காலை பதினொரு மணி. ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் நம் பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் சன்னிதியில் கைகூப்பி நின்றபடி, ஐந்து வருட உழைப்பை நானே நாசம் செய்தேன். அதிலிருந்து என்னைத் தூக்கிவிட்டவள் யார் என்று சொல்லாமல் இருப்பது நன்றிகெட்ட செயல். அதனால் எழுதுகிறேன், அன்பர்களே.

எனக்கு வயது அறுபத்தொன்பது. முப்பத்தொரு வருடம் ஈப்போவில் சமூக நலப் பணியில் இருந்தேன். ஓய்வு பெற்றபின் அதே துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டேன். தோட்டம் வீடமைப்பு நிலமானபோது வெளியேறி, இன்று பிள்ளைகளோடு இருந்தும் தனிமையில் வாழும் முதியவர்கள்தான் என் ஆய்வு. முப்பத்தெட்டுப் பேர். எண்பத்தொரு முறை போய்ப் பேச்சைப் பதிவு செய்தேன். பெயர் வெளியே போகாது என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தேன். பெயருக்குப் பதில் எண். அடையாள அட்டையில் பிறந்த நாள் தப்பாக இருந்தவர்கள்கூட நட்சத்திரத்தைச் சரியாகச் சொன்னார்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு வாரம் இருந்தது. எனக்கு உதவியவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று அர்ச்சனைக்குக் கொடுத்தேன். பெயரும் நட்சத்திரமும் ஒரு தாளில். பழக்க தோஷம், தாளென்றால் தலைப்புப் போடாமல் எழுத வராது. 'என் ஆய்வுக்குத் தகவல் தந்தவர்கள்' என்று மேலே எழுதிவிட்டேன். பூசாரி தலைப்பையும் சேர்த்து ஒலிபெருக்கியில் வாசித்தார். கூழுக்கு வரிசையில் நின்ற கூட்டம் முழுக்கக் கேட்டது. என் ஆய்வு எதைப் பற்றியது என்று அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் கிடையாது. நான்தான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே.

ஒன்பதாம் பெயர் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மீதி இருபத்தொன்பதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று மதியமே தொலைபேசி வந்தது. முப்பத்தொன்றாம் எண் அம்மாவின் மகன். குனோங் ராபாட் பகுதியில் வீடு. அவரும் வரிசையில் நின்றிருக்கிறார்.

"எங்கம்மாவ நான் கவனிக்கலன்னு ஊரே பேசுது. அதுகிட்ட என்னா கேட்டீங்க, என்னா எழுதுனீங்க?"

சொல்ல முடியாது என்றேன். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் புகார் போனது. தன் தாயைத் தூண்டிவிட்டுப் பேசவைத்தேன் என்று எழுதியிருந்தார். நானும் அதே நாளில் என் தவறை மேற்பார்வையாளரிடம் ஒப்புக்கொண்டேன். நெறிமுறைக் குழு எல்லாவற்றையும் நிறுத்தியது. முப்பத்தெட்டுப் பேரிடமும் போய் நடந்ததைச் சொல்லி, மறுபடி சம்மதம் கேட்க வேண்டும். மறுத்தால் பதிவை அழிக்க வேண்டும். அந்த அம்மா தன் வாயால் தன் விருப்பத்தைச் சொல்லாவிட்டால் ஆய்வே தள்ளுபடி.

வெள்ளி தவறாமல் வரும் அந்த அம்மா அடுத்த வெள்ளி கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. வீட்டில் என்ன நடக்கிறதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து வருடமாக அம்மனிடம் பட்டம் பட்டம் என்றே கேட்டவன் நான். அன்று கேட்டது வேறு. "பட்டம் போனால் போகட்டும். என் வாயால் அந்த அம்மாவுக்கு ஒரு வேளைச் சோறு குறையக்கூடாது, தாயே." உண்மையைச் சொல்கிறேன், அப்படி வேண்டும்போதே, மறுபடி தொடங்கினால் எழுபத்து மூன்றாகிவிடுமே என்று மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கையும் அவள் காலடியில் வைத்தேன்.

ஒவ்வொரு வீடாகப் போனேன். முப்பத்து மூன்று பேர் சம்மதித்தார்கள். நால்வர் மறுத்தார்கள். ஓர் அம்மா கதவையே திறக்கவில்லை, சன்னல் வழியாகவே போகச் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். ஒரு பெரியவர் மட்டும் சிரித்தார்.

"எம்பேருக்கு அர்ச்சன பண்ணுனதுக்கா மன்னிப்பு கேக்குறீங்க? நாலு பெத்தேன், ஒருத்தனும் பண்ணல. இன்னொருவாட்டி பண்ணுங்க, லா."

கடைசியாகக் குனோங் ராபாட். ஞாயிறு காலை பத்து மணி. மகன் உள்ளே கூப்பிடவில்லை, இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"அம்மா பேசுனத போட்டுக் காட்டுங்க, பெரியவரே. நான் புகார வாபஸ் வாங்கிக்கிறேன். முடிஞ்சிச்சி."

பதிவு என் சட்டைப் பையில் கைப்பேசியில் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். ஐந்து வருடம் மிஞ்சும். என் கை பைக்குள் போனதை மறைக்க மாட்டேன். தாயே என்று ஒரு முறைதான் மனதுக்குள் கூப்பிட்டேன்.

"ஒரு தடவ வாக்கு தவறிட்டேன் தம்பி. ரெண்டாவது தடவ முடியாது. புகார் இருக்கட்டும்" என்றேன்.

திரும்பி நான்கு அடி வைத்திருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து மகனிடம் சொன்னார்.

"அவரு எதுக்கு சொல்லணும்? நான் சொல்றேன். நீ பட்டினி போட்டன்னு நான் சொல்லல ஐயா. சோறு இருக்கு. பேசத்தான் ஆளில்லன்னு சொன்னேன். போறப்ப போறேங்கிற இல்ல, வாரப்ப வந்துட்டேங்கிற இல்ல. மோட்டார் சைக்கிள் சத்தத்த வச்சித்தான் நீ வீட்ல இருக்கியா இல்லையான்னு எனக்குத் தெரியுது."

மகன் தாய்க்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு கேட்டைத் திறந்து, "உள்ள வாங்க" என்றார். அந்த அம்மா என் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரமாக ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று கேட்டேன். முழங்கால் வீக்கம்தானாம். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

புகார் வாபஸ் ஆனது. ஆய்வேடு நான்கு மாதம் தாமதமாகப் போனது. வாய்மொழித் தேர்வில் பதினான்கு திருத்தம் சொல்லித் தேர்ச்சி கொடுத்தார்கள். தைப்பூசத்துக்கு முன் அந்த மகன் தன் தாயைக் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்து வந்தார். இருவரும் எதையோ பேசி வாக்குவாதம் செய்துகொண்டே வந்தார்கள். பட்டத்தைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இதை எழுத அந்த அம்மாவிடமும் மகனிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயர் கேட்காதீர்கள்.

நான் இன்னும் கவலைப்படுகிறவன்தான். ஆனால் இப்போது அம்மன் முன்னால் நின்றால், எனக்கு வேண்டியதை முதலில் சொல்வதில்லை. என்னால் யாருக்கு என்ன கெட்டது என்று முதலில் சொல்கிறேன். உங்கள் நெஞ்சிலும் அப்படி ஏதாவது இருந்தால் அவளிடம் சொல்லிவிடுங்கள். சொன்னதோடு நிற்காமல், உங்களால் நொந்தவரின் வீட்டுக்கு நடந்து போங்கள். போகிற வழியில் திரும்பிவிடத் தோன்றும். தோன்றட்டும், போங்கள். உங்களுக்கு முன்பே அவள் அங்கே போயிருப்பாள்.